கப்பலேறிய முகூர்த்தப் புடவை

ஆரணியை அடுத்த சேவூரில் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வயல் பக்கம் திரும்பும் தெருவில் மூன்றாவது வீடு குணசுந்தரியுடையது. ஆனால் குணசுந்தரி வீடு என்று கேட்டால் அந்தத் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. சந்திரமோகன் வீடு என்று கேட்க வேண்டும். சந்திரமோகன் அவள் கணவர். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீர்ந்ததும் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக அதன் நுனியோடு சேர்த்து முறுக்கிவிடுவது அவர் தொழில். அதற்காக வீடு வீடாகப் போவார். போன வீட்டிலெல்லாம் பேசிக்கொண்டே இருப்பார். இரண்டு பேர் பேச்சையும் அவரே பேசிவிடுவதால் தனக்கு மிச்சம் எதுவும் இல்லை என்பதுபோல குணசுந்தரி நாற்பத்தாறு வயதுவரை இருந்துவிட்டாள். மளிகைக் கடையில் நின்றால், அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் வந்தவர்கள் இரண்டு பேர் சாமான் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதில் அவளுக்குக் குறை கிடையாது. கடைக்காரர் கையில் புதிதாகக் கட்டுப் போட்டிருக்கிறார், அவர் மனைவி இன்று கல்லாவில் உட்காரவில்லை என்று அந்த நேரத்தில் பார்க்க வேண்டியதைப் பார்த்து வைத்துக்கொள்வாள்.

ஏழாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுபோனது. பிறகு கை கற்றுக்கொண்டது குஞ்சம் கட்டுவது. பட்டுப் புடவை தறியிலிருந்து இறங்கும்போது முந்தானை முனையில் ஒரு சாண் நீளத்துக்கு நெய்யாத இழைகள் தொங்கும். அவற்றைச் சிறு சிறு பிடியாகப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஊசியால் ஜரிகையைச் சுற்றிக் கட்டினால் குஞ்சம். ஆரணியில் இந்த வேலை தெரிந்த பெண்கள் நிறையப் பேர். ஆனால் குணசுந்தரி கட்டினால் நூற்றியொரு குஞ்சமும் ஒரே உயரத்தில் நிற்கும். அளவு பார்க்க அவள் எதையும் வைத்துக்கொள்வதில்லை. வலை மாதிரிக் கட்டும்போது ஒரு குஞ்சத்தின் பாதி இழை அடுத்த குஞ்சத்தோடு சேரும். அதனால் ஒன்றைக் கட்டியதும் மிச்ச ஜரிகையை ஒட்ட அறுத்துவிட வேண்டும். விட்டால் அடுத்த முறுக்கில் மாட்டிக்கொள்ளும். அறுக்க அவள் கத்திரிக்கோல் தேடுவதில்லை. பல்லில் வைத்து ஒரு கடி, அவ்வளவுதான். தன் பெண்டாட்டி சீதனமாகக் கத்திரிக்கோலை வாயிலேயே கொண்டுவந்துவிட்டாள் என்று சந்திரமோகன் போகிற வீடெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

முகூர்த்தப் புடவைக்கு மட்டும் அந்தப் பல் ஆகாது. அதில் எச்சில் படக்கூடாது. குளித்துவிட்டுத்தான் தொட வேண்டும். புடவையை வெள்ளை வேட்டியில் மூட்டையாகச் சுற்றி, இழை தொங்கும் முனையை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு கட்ட வேண்டும். ஆரணி பஜாரில் பட்டுக்கடை வைத்திருக்கும் பானுப்ரியா வீட்டில் இன்னும் ஒரு படி மேல். குலதெய்வத்தின் முன் வைத்து எடுக்கும்வரை வெளியாள் யாரும் புடவையைப் பார்க்கக் கூடாது. கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணும் பார்க்கக் கூடாது. படம் எடுப்பது என்ற பேச்சே கிடையாது.

பானுப்ரியாவின் மகள் காவ்யாவுக்குப் போன வருடமும் ஒரு கல்யாணம் நிச்சயமானது. அந்த முகூர்த்தப் புடவைக்கும் குணசுந்தரிதான் குஞ்சம் கட்டினாள். நூறாவது குஞ்சம்வரை கத்திரிக்கோல்தான். நூற்றியோராவது கட்டும்போது அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. புடவை வாங்கிப் போக வந்த கடை ஆள் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரனை விடாமல் அமுக்கினார். கை அதன் பாட்டுக்கு ஜரிகையை வாய்க்குக் கொண்டுபோனது. கடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்தாள், மடித்தாள், கொடுத்தனுப்பினாள். யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது எல்லாம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் பேசியதற்கு மேல் கார் கேட்டார்கள், பானுப்ரியா முடியாது என்றுவிட்டார். காரணம் ஊருக்கே தெரியும். குணசுந்தரிக்கும் தெரியும். இருந்தாலும் பஜாரில் பானுப்ரியாவைத் தூரத்தில் கண்டால் அவள் அடுத்த சந்தில் திரும்பிவிடுவாள்.

இந்த வருடம் காவ்யாவுக்கு வேறு இடத்தில் அமைந்தது. முகூர்த்தம் புதன்கிழமை விடியற்காலை. குஞ்சத்தைப் பற்றிச் சொல்ல பானுப்ரியாவே சேவூருக்கு ஆட்டோவில் வந்தார்.

"உன் கையே ராசியான கை, குணா. போன தரம் நடந்ததுக்கு உன் கை இன்னா பண்ணும்?" என்றார்.

குணசுந்தரி காபித் தம்ளரை எடுக்கும் சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

புடவையை நெய்த வீரபாகு காய்ச்சலில் ஐந்து நாள் படுத்துவிட்டதால், அது தறியிலிருந்து இறங்கவே வியாழக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. திங்கட்கிழமை மாலை பெரணமல்லூர் பக்கத்தில் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்கு அதை எடுத்துப் போக வேண்டும். இடையில் இருப்பது வெள்ளி, சனி, ஞாயிறு. வழக்கமாக இரண்டு நாள் வேலை. ஆனால் சனிக்கிழமை குணசுந்தரி கப்பலேற வேண்டும்.

கப்பல் ஏற்பாடு அவள் மகள் லாவண்யாவுடையது. லாவண்யா சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அந்த வருடச் சுற்றுலாவுக்குக் கம்பெனி கப்பலைத் தேர்ந்தெடுத்திருந்தது. சனிக்கிழமை சென்னைத் துறைமுகத்தில் ஏறி, ஞாயிறு முழுக்கக் கடலில் இருந்துவிட்டு, திங்கள் காலை அங்கேயே இறங்குவது. ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டி வரலாம். நான்கு மாதத்துக்கு முன்பே அம்மா அப்பா பெயரைக் கொடுத்துவிட்டாள். அம்மா ஆரணியைத் தாண்டினால் கோயிலுக்கு, இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் என்று அவளுக்கு ஒரு வருத்தம். அங்கே வந்து ஊசி நூல் எதையும் தொடக் கூடாது என்று போனிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வீட்டு வேலைக்கும் பயணத்துக்கு எடுத்துவைப்பதற்கும் நடுவே முப்பத்தெட்டுதான் ஆயிற்று. மிச்சத்தை அடுத்த தெரு சத்யப்ரியாவிடம் கொடுத்துவிடச் சொன்னார் சந்திரமோகன். ஒரு புடவையில் இரண்டு கை பட்டால் முறுக்கு வேறு வேறாகத் தெரியும் என்றாள் குணசுந்தரி. அது உண்மைதான். உள்ளே இருந்த காரணத்தை அவரிடமும் சொல்லவில்லை. வெள்ளை மூட்டையைப் பையின் அடியில் வைத்து, அதன்மேல் இருவரின் துணிகளையும் அடுக்கினாள். ஊசி மூன்று, ஜரிகை நூல்கண்டு ஒன்று, கத்திரிக்கோல்.

துறைமுகத்தில் பையை ஒரு பெட்டிக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். காவலுக்கு நின்ற பெண் அவளைத் தனியே கூப்பிட்டுப் பையைப் பிரிக்கச் சொன்னாள். துணிகளுக்கு அடியிலிருந்து கத்திரிக்கோல் வெளியே வந்தது. பின்னால் வரிசையில் லாவண்யாவின் ஆபீஸ்காரர்கள் முப்பது பேர். அவளுடைய மேலாளர் ஜெயக்குமார், அம்மா கப்பலில் டெய்லர் கடை போடப் போகிறார்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கெட்ட மனிதர் அல்ல, சும்மா கேட்டார். லாவண்யாவின் காது சிவந்ததை குணசுந்தரி பார்த்தாள். கத்திரிக்கோலை ஒரு உறையில் போட்டு, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள். ஊசிகளை விட்டுவிட்டார்கள்.

கப்பல் நகர்ந்ததை அவள் பார்க்கவில்லை. அறையில் சின்ன மேசைமேல் மூட்டையை வைத்து முப்பத்தொன்பதாவது குஞ்சத்தைக் கட்டிப் பார்த்தாள். கட்டு நன்றாக வந்தது. ஜரிகையை இரண்டு விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்தாள். விரல்தான் அறுபட்டது, ஜரிகை அறவில்லை. மேலே சுற்றியிருந்த பொன் இழை மட்டும் சுருண்டு விலகி, உள்ளே இருந்த சிவப்பு நூல் பல்லிளித்தது. அதை அவிழ்த்து எறிந்தாள்.

சந்திரமோகன் நகவெட்டியை எடுத்து நீட்டினார். நகம் வெட்டுகிறதை முகூர்த்தப் புடவையில் வைப்பதா என்றாள். சவரக் கத்தியைக் காட்டினார். அவள் மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரு கத்தியைக் கேட்டு வாங்கி வருவதாகச் சொன்னார். மதியம் அந்தக் கத்திகளால் கறி அறுத்ததை அவள் பார்த்திருந்தாள்.

"அப்போ ஒண்ணு பண்ணு. ஜன்னலாண்ட உக்காந்துகினு இரு. எதனா மீனு சுத்தமான கத்திரிக்கோலா கவ்விகினு வரும்" என்று சொல்லிவிட்டு அவர் கடலைப் பார்க்கப் போனார்.

சற்று நேரத்தில் லாவண்யா வந்தாள். வெள்ளை மூட்டையையும் அம்மாவின் விரலில் இருந்த ரத்தக் கோட்டையும் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நான்கு மாதமாக எண்ணிக்கொண்டிருந்ததையும், துறைமுகத்தில் மானம் போனதையும் சொன்னாள். சும்மா வழக்கம்போல் பல்லால் கடித்து முடித்துவிட்டு மேலே வந்து கடலைப் பாரேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்றாள்.

குணசுந்தரி ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். பிறகு சொன்னாள்.

"போன வருசம் கடிச்சிட்டேன்."

"இன்னாது?"

"காவ்யா பொடவைய. கடைசிக் குஞ்சம். மறந்தாப்ல கடிச்சிட்டேன். அப்புறம்தான் அந்தக் கல்யாணம் நின்னுச்சு."

லாவண்யா கட்டிலில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பு வந்து அடக்கினாள்.

"ம்மா, அவங்க கார் கேட்டாங்க, இவங்க தரல. அதுக்குத்தானே நின்னுச்சு? உன் பல்லுக்கு அவ்ளோ சக்தின்னா இந்நேரம் நாம கார்ல போயிகினு இருப்போம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரியும். இருந்தாலும் அவங்க திரும்ப என்னாண்டயே எடுத்துகினு வந்தாங்களே. இந்த தரம் ஒரு கொறையும் இல்லாம குடுக்கணும். இல்லனா எனக்கு ஆகாது."

மேலே விளையாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று லாவண்யா எழுந்து போனாள். போகும்போது அம்மாவின் விரலுக்கு ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே குணசுந்தரி கீழ்த் தளத்துக் கூடத்துக்கு வந்துவிட்டாள். அங்கேதான் பயணிகள் எது வேண்டுமானாலும் கேட்கிற நீளமான மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் இரண்டு பெண்கள். போய்க் கேட்க வேண்டியதுதான். அவர்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசினார்கள். அவள் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். முக்கால் மணி நேரம் நின்றாள். நின்ற நேரத்தில் யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டே முக்காலுக்கு ஒருவர் நான்கைந்து சீருடைச் சட்டைகளை மாட்டியில் தொங்கவிட்டு எடுத்துவந்து மேசையில் கொடுத்தார். ஐம்பது வயது இருக்கும். அவர் கால்சட்டையில், முழங்காலுக்கு மேலே, வெள்ளையும் நீலமுமாக நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. தைக்கிறவர்களுக்கு மட்டும்தான் அந்த இடத்தில் ஒட்டும். போனில் யாரிடமோ, அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு வர முடியாது என்று தமிழில் சொல்லிக்கொண்டே திரும்பினார்.

குணசுந்தரி தூணை விட்டு வந்தாள்.

"அண்ணே, ஒரு கத்திரிக்கோல் வேணும்ணே."

அவர் பெயர் அருள்தாஸ், தூத்துக்குடிப் பக்கம், கப்பலில் வேலை செய்கிறவர்களின் உடுப்புகளைத் தைக்கும் டெய்லர். பயணிகளுக்குக் கத்திரிக்கோல் கொடுக்கக் கூடாது என்பது விதி என்று சொன்னார். அவள் போகவில்லை. பேசவும் இல்லை, அங்கேயே நின்றாள். அவர் இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்து, எதற்காக என்று கேட்டார். அவள் சொன்னாள். முகூர்த்தப் புடவை, எச்சில் படக்கூடாது, நாளைக்குக் கொடுக்க வேண்டும், இன்னும் அறுபத்து மூன்று குஞ்சம். ஒரு அந்நிய மனிதரிடம் அவள் அத்தனை வார்த்தை பேசியது அதற்கு முன் நடந்ததில்லை. சொல்லி முடித்ததும் இன்னொன்றும் கேட்டாள்.

"உங்க கத்திரிக்கோல்ல வேற எதனா வெட்டுவீங்களாண்ணே?"

அருள்தாஸ் கொஞ்சம் நிமிர்ந்தார். "துணியைத் தவிர ஒண்ணையும் வெட்ட விட மாட்டேம்மா. பேப்பர் வெட்டக் கேட்டான்னு ஒருத்தன்கிட்ட ஆறு மாசம் பேசல."

மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் அவர் பேசினார். அந்தப் பெண் யாருக்கோ போன் செய்தாள். கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். கத்திரிக்கோலைப் பயணியிடம் கொடுத்தனுப்ப முடியாது. ஆனால் கூடத்தில், மேசைக்கு முன்னால், அவர்கள் கண் எதிரில் உட்கார்ந்து வேலை செய்துகொள்ளலாம். மாலை ஐந்து மணிக்குக் கத்திரிக்கோல் டெய்லர் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். அருள்தாஸ் கீழே போய்த் தன் கத்திரிக்கோலைக் கொண்டுவந்து, பேங்கில் பேனாவைக் கட்டிவைப்பதுபோல் அதன் வளையத்தில் நாடாவைக் கோர்த்து ஒரு சின்ன மேசையின் காலில் முடிச்சுப் போட்டார்.

அந்தக் கூடம் மூன்று தளம் உயரம். நடுவில் கண்ணாடி லிஃப்ட், சுற்றிப் படிக்கட்டுகள். சாப்பிடப் போகிறவர்கள், நீச்சலுக்குப் போகிறவர்கள், சும்மா போகிறவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். குளித்துவிட்டு மூட்டையை எடுக்க அறைக்குப் போன குணசுந்தரி, அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். துணைக்குத் தானும் வந்து உட்காரட்டுமா என்று சந்திரமோகன் கேட்டார். வேண்டாம், நீங்கள் வந்தால் கப்பலில் இருக்கிற ஜனத்தையெல்லாம் கூப்பிட்டுக் கதை சொல்வீர்கள் என்றாள். அவர் மறுக்கவில்லை.

பத்து மணிக்கு உட்கார்ந்தாள். மூட்டையை மேசைமேல் வைத்து, அலங்காரத்துக்கு வைத்திருந்த கனமான கண்ணாடிக் கிண்ணத்தை அதன்மேல் ஏற்றினாள். இழைகளை மட்டும் தன் பக்கம் தொங்கவிட்டாள். தலை நிமிரவில்லை. முதல் குஞ்சம் கோணிப்போனது. பிரித்துத் திரும்பக் கட்டினாள். கத்திரிக்கோல் பெரியது, அவள் கைக்கு எடை அதிகம். ஆனால் வைத்த இடத்தில் அறுத்தது. நான்கைந்து ஆனதும் கை சூடு பிடித்துக்கொண்டது. கப்பல் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும். அந்தச் சாய்வில் முறுக்கினால் இழை தளர்கிறது, திரும்பும்போது முறுக்கினால் தானே இறுகுகிறது என்று பத்தாவது குஞ்சத்தில் கண்டுகொண்டாள். பிறகு கப்பலுக்காகக் காத்திருந்து காத்திருந்து முறுக்கினாள்.

முதலில் இரண்டு குழந்தைகள் வந்து நின்றன. பிறகு அவற்றின் அம்மா. பதினொன்றரைக்கெல்லாம் மேசையைச் சுற்றிப் பதினைந்து இருபது பேர். என்ன இது, எந்த ஊர், எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். அவள் ஒன்றிரண்டு வார்த்தையில் சொன்னாள். இதுவரை யாரும் புடவையைப் பார்க்கவில்லை. தெரிந்ததெல்லாம் அரக்கு இழையும், கட்டிய குஞ்சமும், வெள்ளை வேட்டியும்தான். அப்போது ஒரு அம்மாள், கழுத்தில் பெரிய முத்துமாலை, போனைக் கிட்டே கொண்டுவந்து, வேட்டியை விலக்கிப் புடவையின் உடலையும் பார்டரையும் கொஞ்சம் காட்டச் சொன்னார். வீடியோ எடுத்துப் போடுவதாகவும், அவளுக்கு நிறைய ஆர்டர் வரும் என்றும் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் எடுப்பதைப் பார்த்து இன்னும் ஆறேழு போன்கள் உயர்ந்தன.

குணசுந்தரி துண்டை எடுத்து இழைகளின் மேல் போட்டு மூடினாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். படிக்கட்டில் லாவண்யா நிற்பதையும், பக்கத்தில் ஜெயக்குமாரும் ஆபீஸ்காரர்களும் நிற்பதையும் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு ஏன் வேலை நின்றது என்று புரியவில்லை. கொஞ்சம் திறந்து மூடினால் என்ன என்று அந்த அம்மாள் மறுபடியும் கேட்டார்.

"கட்டிக்கப் போற பொண்ணே இன்னும் பார்க்கலைங்க" என்றாள் குணசுந்தரி. குரல் சன்னமாகத்தான் வந்தது. ஆனால் கூடம் அமைதியாகிவிட்டதால் படிக்கட்டுவரை கேட்டது. "அது பார்த்த பிற்பாடு ஊரே பார்க்கட்டும். இப்ப போனை உள்ள வெச்சீங்கன்னா நான் கைய வெளில எடுப்பேன். இல்லனா இப்படியேதான் உக்காந்திருப்பேன்."

முத்துமாலை அம்மாள் போனைக் கைப்பைக்குள் வைத்தார். எடுத்ததை அழித்துவிட்டதைத் திருப்பிக் காட்டிவிட்டே வைத்தார். மற்றவையும் ஒவ்வொன்றாக இறங்கின. குணசுந்தரி துண்டை எடுத்தாள்.

அதற்குப் பிறகு லாவண்யா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். புதிதாக வருகிறவர்களிடம் போன் வேண்டாம் என்று அவளே சொன்னாள். விளையாட்டுக்கு ஆள் வந்து கூப்பிட்டபோது போகவில்லை. மதியம் தயிர்சாதம் வாங்கி வந்தாள். முடித்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று குணசுந்தரி தண்ணீர் மட்டும் குடித்தாள். மூன்று மணிக்கு ஜெயக்குமார் வந்து நின்று, தன் கல்யாணப் புடவையும் ஆரணிதான் என்று அவர் மனைவி சொன்னதாகச் சொன்னார். நேற்றுக் கேட்டதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. போகும்போது மட்டும் "வரேம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது நூறு முடிந்தது. கடைசிப் பிடி இழையை எடுத்து முறுக்கினாள், முடிச்சிட்டாள், கழுத்தில் ஜரிகையைச் சுற்றி ஊசியை உள்ளே விட்டு இழுத்தாள். மிச்ச ஜரிகை விரலில் நின்றது. அவள் கையை அசைக்கவே இல்லை. உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"லாவண்யா, நீ வெட்டு."

"நானா? கோணலா வெட்டிட்டா?"

"இந்த ஒண்ணு மட்டும் என் கைய நம்ப மாட்டேன். ஒட்ட வெச்சு வெட்டு."

லாவண்யா குனிந்து, நாடா எட்டும் அளவுக்குக் கத்திரிக்கோலை இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள். பொன் துணுக்கு ஒன்று தரைவிரிப்பில் விழுந்தது. அருள்தாஸ் ஐந்து மணிக்கு வந்து நாடாவை அவிழ்த்தார். குஞ்ச வரிசையைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். மிஷின் தோற்றுப்போகும் என்று சொல்லிவிட்டுக் கத்திரிக்கோலோடு போய்விட்டார். அதற்குப் பிறகுதான் குணசுந்தரி மேல்தளத்துக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருட்டும் வரை கடலைப் பார்த்தாள். இத்தனை தண்ணீரா என்று ஒரு தரம் கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

திங்கட்கிழமை மதியம் இரண்டரைக்கு ஆரணியில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே பானுப்ரியா வீட்டுக்குப் போனார்கள். சந்திரமோகன் வாசலிலேயே கடை ஆட்களிடம் கப்பலின் உயரத்தைக் கையால் காட்ட ஆரம்பித்துவிட்டார். குணசுந்தரி மூட்டையோடு உள்ளே போனாள். பானுப்ரியா பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேட்டியைப் பிரித்தார். குஞ்சங்களைக் கையில் ஏந்தி, விரலால் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

அப்படியே திரும்பி வந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"அக்கா" என்றாள் குணசுந்தரி. "இதுல எச்சில் படல. வெளியாள் பார்த்தது குஞ்சத்தை மட்டும்தான், பொடவையப் பார்க்கல. போட்டோவும் இல்ல." நிறுத்தினாள். "போன வருசத்து பொடவையில பட்டுச்சுக்கா. கடைசிக் குஞ்சத்தை நான் பல்லால கடிச்சிட்டேன். மறந்துதான். சொல்லாம விட்டுட்டேன்."

பானுப்ரியா அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கோபமா, யோசனையா என்று குணசுந்தரியால் சொல்ல முடியவில்லை. முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்கிறவளுக்கு அந்த முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. பானுப்ரியா புடவையை மடித்து, சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் வைத்தார். விளக்குத் திரியைத் தூண்டினார். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் பூவும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"அவங்க கார் கேட்டப்ப, நான் ஒத்துகினு இருந்தேன்னா காவ்யா இப்ப அந்த வீட்ல இருந்திருப்பா" என்றார். "நின்னதுக்கு நான் ஒரு நாளும் அழுவல, குணா. நீ ஒரு வருசமா இதைத் தூக்கிகினு திரிஞ்சியா?"

குணசுந்தரி தலையசைத்தாள்.

"சொல்லாம இருந்தது தப்புதான். அதை நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்." தட்டை அவள் கையில் வைத்தார். "புதன்கிழமை விடியக்காலம் மூணு மணிக்கே மண்டபத்துக்கு வந்துடு. காவ்யாவுக்கு பொடவை கட்டிவிட ஆள் வேணும். அவ அத்தைங்கள்லாம் குஞ்சத்தைக் கசக்கிடுவாங்க."

கல்யாண வீடுகளுக்கு எப்போதும் சந்திரமோகன்தான் போவார். மொய் எழுதிவிட்டு, பந்தியில் சாப்பிட்டுவிட்டு, வந்து கதை சொல்வார். மணமகள் அறையில் எத்தனை பெண்கள் இருப்பார்கள், எத்தனை போன்கள் இருக்கும் என்று குணசுந்தரிக்குத் தெரியும்.

"வரேங்கக்கா" என்றாள்.